ஓதும் வாயும் கேட்கும் காதும்: ஹிப்ழு மதரசா அன்றும் இன்றும்

சுப்ஹு தொழுகை முடிந்து பெரியவர்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிவாசலின் மாடியிலிருந்து சத்தம் இறங்கி வருகிறது. முப்பது பையன்கள் முப்பது வெவ்வேறு இடங்களை ஒரே நேரத்தில் ஓதினால் என்ன சத்தம் வருமோ, அந்தச் சத்தம்.

மாடியில் ஒரு பையன், பதினொரு வயது இருக்கும், ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். கையிலிருந்த குர்ஆனை மூடி ஹஜ்ரத்திடம் கொடுத்துவிட்டான். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டியபடி ஓதுகிறான். ஹஜ்ரத் கண்ணை மூடியிருக்கிறார். புதிதாகப் பார்ப்பவர்கள் அவர் தூங்குவதாகவே நினைப்பார்கள். திடீரென்று அவர் விரல் பலகையை இரண்டு முறை தட்டுகிறது. பையன் நிற்கிறான். வசனத்தின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி ஓதி வருகிறான். அதே இடத்தில் அதே தட்டு. மூன்றாவது முறைதான் அவனுக்குப் பிடிபட்டது. ‘நுழையுங்கள்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘குடியிருங்கள்’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டான்.

இஸ்ரவேலர்களை ஓர் ஊருக்குள் போகச் சொல்லும் செய்தி குர்ஆனில் அல்பகறா அத்தியாயத்திலும் வருகிறது, அல்அஃராஃபிலும் வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் சில சொற்கள்தான். குர்ஆனின் முப்பது பாகங்களுக்கும் ஜுஸ்வு என்று பெயர். ஒரு சொல் தவறினால் முதல் ஜுஸ்வில் இருந்தவன் தனக்கே தெரியாமல் ஒன்பதாம் ஜுஸ்வுக்குத் தாவிவிடுவான். முதஷாபிஹ் என்று இவற்றுக்குப் பெயர். ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இடங்கள். குர்ஆனை முழுவதும் மனனம் செய்த ஹாபிழ்களைக் கவிழ்ப்பவை கடினமான சொற்கள் அல்ல, இந்த இரட்டைப் பிள்ளைகள்தான்.

ஹஜ்ரத் சரியான சொல்லைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனே கண்டுபிடிக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே மாடியில் நானும் இப்படி உட்கார்ந்திருந்தேன். நான் நாலாவது ஜுஸ்வோடு நின்றுபோனவன். என் காக்கா (அண்ணன்) முப்பதையும் முடித்தார். நின்றுபோனவனுக்கு ஒரு வசதி உண்டு. ஓதுகிறவர்களை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்படிப் பார்த்ததில் ஹிப்ழு எனும் குர்ஆன் மனனப் படிப்பில் எது மாறியது, எது மாறவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பக்கத்தின் படம்

முதலில் மாறியது காகிதம். எங்கள் வாப்புச்சாவிடம் (தாத்தாவிடம்) இருந்தது கல்லச்சில் அடித்த பழைய குர்ஆன். பழுத்த தாள், பெரிய எழுத்து. அந்தக் காலத்தில் ஊரில் ஒருவரிடம் இருக்கும் பிரதிக்கும் பக்கத்து வீட்டுப் பிரதிக்கும் பக்கம் ஒத்துப்போகாது. வசனம் பாதியில் உடைந்து அடுத்த பக்கத்தில் தொடரும்.

மனனம் செய்கிறவனுக்கு இது பெரிய இடைஞ்சல். அவன் மனதில் பதிவது ஓசை மட்டுமல்ல. இடப்பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி, ஓரத்தில் ஒரு ருகூஃ அடையாளம் என்று பக்கமே படமாகப் பதிகிறது. அதனால்தான் ஹாபிழ்களுக்கென்று பதினைந்து வரிப் பிரதி வந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவில்தான் முடியும். ஏறக்குறைய இருபது பக்கம் ஒரு ஜுஸ்வு. துருக்கியின் உதுமானிய எழுத்துக் கலைஞர்கள் பக்குவப்படுத்திய முறை இது. மதீனாவின் மன்னர் ஃபஹத் அச்சகம் 1984இல் திறக்கப்பட்டபின், சிரியாவைச் சேர்ந்த உஸ்மான் தாஹாவின் கையெழுத்தில் 604 பக்கப் பிரதி உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன சபுராளிகள் கொண்டுவந்தார்கள். இன்று கைப்பேசியில் திறந்தாலும் பெரும்பாலும் அதே 604 பக்கம்தான்.

ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்திய எழுத்து முறையில் ‘அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ, அலிஃப் பேஷ் உ’ என்று கூட்டிப் படித்தவர்கள். மதீனா பிரதியில் நீட்டல் குறிகள் வேறு மாதிரி இருக்கும். பாதி வழியில் பிரதியை மாற்றினால் மனதில் இருந்த படம் கலைந்துவிடும். எந்தப் பிரதியில் தொடங்கினாயோ அதிலேயே முடி என்று ஹஜ்ரத்மார்கள் இன்றும் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். தாள் கிழிந்து அட்டை பிரிந்த பின்னும் தன் பழைய பிரதியைக் கைவிடாத ஹாபிழ்கள் ஊருக்கு ஊர் உண்டு.

மாறாத மூன்று பாடம்

காகிதம் மாறியது, பாடமுறை மாறவில்லை. ஒரு நாளைக்கு மூன்று வேலை. புதிதாக மனனம் செய்யும் பகுதி சபக். நடப்பு ஜுஸ்வில் இதுவரை முடித்தது சபக் பாரா. முன்னமே முடித்த ஜுஸ்வுகளைத் திருப்பி ஓதுவது ஆமுக்தா. வடக்கிலிருந்து வந்த சொற்கள் இவை. வேறு மதரசாக்களில் வேறு பெயர் வழங்கலாம், வேலை ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் 604 பக்கத்துக்கு நூறு வாரம். ஏறக்குறைய இரண்டு வருடம். நோன்பு, பெருநாள், காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் இரண்டரை, மூன்று வருடம். அன்றும் இவ்வளவுதான் ஆனது, இன்றும் இவ்வளவுதான் ஆகிறது.

ஆனால் பாரம் நாளுக்கு நாள் ஏறும். இரண்டாவது ஜுஸ்வில் இருக்கும் பையனுக்குத் திருப்பி ஓத ஒன்றுதான் இருக்கிறது. இருபதாவதில் இருப்பவனுக்குப் பத்தொன்பது. ஒரு ஜுஸ்வை வேகமாக ஓதவே அரைமணி நேரம் வேண்டும். புதுப் பக்கத்தை விழுங்கும் ஆசையில் பழையதை விட்டவன், முப்பதாவது ஜுஸ்வை எட்டும்போது ஐந்தாவதை இழந்திருப்பான். புது நாற்றைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச மறந்த கதைதான்.

இந்த வேலைக்குத் தமிழ் வைத்த பெயர் ஓதுதல். தேவாரம் பாடுபவர் ஓதுவார், வேதத்துக்கும் ஓதுதல், குர்ஆனுக்கும் ஓதுதல். எழுத்தைப் பார்த்து வாசிப்பதற்கும் வாயால் சொல்லி நெஞ்சில் இறக்குவதற்கும் இந்த மொழி தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. முஸ்லிம்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ‘ஓதுற பிள்ளை’ என்றால் எங்கள் ஊரில் மதரசாப் பிள்ளை.

குரல் வந்த வழி

ஓதுவதற்கு முன் கேட்க வேண்டும். அன்று பிள்ளைக்குத் தெரிந்த ஒரே குரல் ஹஜ்ரத்தின் குரல். அவர் மூக்கால் ஓதினால் அவனும் மூக்கால் ஓதுவான். அவருக்கு அரபியின் ‘ழ்’, ‘ள்’ பேதம் சரியாக வராவிட்டால் ஊர் முழுவதற்கும் வராது.

1961இல் எகிப்தின் ஷெய்கு மஹ்மூது கலீல் அல்ஹுஸரி முழுக் குர்ஆனையும் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார். 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே ஒரு வானொலி தொடங்கியது. எங்கள் ஊருக்கு அந்தக் குரல்கள் வர இன்னும் பதினைந்து வருடம் ஆனது. வளைகுடாவிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர் கூடவே கொண்டுவந்தது: அப்துல் பாசித்தின் மூச்சு விடாத நீட்டல், ஹுஸரியின் அளந்து வைத்த தஜ்வீத் உச்சரிப்பு, பிற்பாடு மக்காவிலிருந்து சுதைஸ். எங்கள் வீட்டில் காக்கா அடுத்த நாள் சபக்கை இரவில் கேசட்டில் ஓடவிட்டுத் தூங்குவார். நாடா சுற்றிக்கொண்டு நின்றுபோனால் உம்மா எழுந்து பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்து மறுபடி போடுவார்.

இன்று கருவி கேட்கவும் செய்கிறது. தர்தீல் என்ற செயலியைத் திறந்து ஓதினால், சொல்ல வேண்டிய சொல் திரையில் ஒவ்வொன்றாக எழுந்து வருகிறது. ஒரு சொல்லை விட்டால் அடையாளம் காட்டுகிறது. எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் அடுத்த நாள் சபக்கை முதலில் கைப்பேசியிடம் ஒப்பிக்கிறான், பிறகுதான் ஹஜ்ரத்திடம் போகிறான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து இணையத்தில் ஓதிக்கொடுக்கும் ஹாபிழ்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே காலை, இவர்களுக்கு இங்கே இரவு.

“கைப்பேசியே திருத்திவிடுகிறதே, அப்புறம் நீங்கள் எதற்கு ஹஜ்ரத்?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“அது தப்பைக் காட்டும் வாப்பா. பையன் நேத்து ராத்திரி ஏன் தூங்கலைன்னு அதுக்குத் தெரியாது” என்றார்.

பிரம்பு

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். அன்று மதரசாவில் பிரம்பு இருந்தது. பலகையின் கீழே எண்ணெய் பூசி வைத்த பிரம்பு. தட்டினால் திருந்துவான் என்று எல்லாரும் நம்பினார்கள், பெற்றோர் உட்பட. ‘எலும்பு எங்களுக்கு, சதை உங்களுக்கு’ என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். நான் நின்றுபோனதற்கு அந்தப் பிரம்பும் ஒரு காரணம். எந்த மதரசா, எந்த ஹஜ்ரத் என்பது இப்போது வேண்டாம். முதஷாபிஹ் இடங்களில் பயம் வந்துவிட்டால் நினைவு பூட்டிக்கொள்ளும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். தெரிந்த வசனம் தெரியாமல் போகும். அடிக்குப் பயந்து வேகமாக ஓதுகிறவன் சொற்களை முழுங்குவான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தம் மதரசாக்களையும் வேத பாடசாலைகளையும் சமயக் கல்வியையே முதன்மையாகத் தரும் நிறுவனங்களையும் அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைத்தது. ஆக மதரசாவில் பிரம்பு குறைந்தது என்றால் அதற்குக் காரணம் இந்தச் சட்டமல்ல. படித்த தாய்மார்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பக்கத்து மதரசாவில் அடியில்லாமல் பிள்ளைகள் முடிப்பதை ஊர் பார்த்தது. பிள்ளை வராவிட்டால் மதரசா நடக்காது என்பதும் நிர்வாகத்துக்குப் புரிந்தது. எல்லா இடத்திலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போகாத இடத்தைப் போகச் செய்ய வேண்டியது அந்த ஊர் ஜமாஅத்தின் வேலை. அடி தாங்கினால்தான் ஹாபிழ் ஆகலாம் என்ற பேச்சை இனி யாரும் நம்பத் தேவையில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள்

அன்று ஹிப்ழு என்றால் பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் மதரசாவில் சேருவான். தங்க இடம் பள்ளிவாசல். சோற்றுக்கு ஊர் வீடுகள் முறை வைத்துக்கொள்ளும். இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவர வேண்டும். நல்ல குழம்பு வைக்கும் வீட்டின் முறைநாள் என்றைக்கு என்று பையன்களுக்கு மனப்பாடம். அதற்கு ஆமுக்தா தேவைப்படவில்லை.

முடித்துத் திரும்பும்போது பதினாலு வயது. சேர்க்கப் பள்ளி இல்லை. சிலர் அரபுக் கல்லூரிக்குப் போய் ஆலிம் ஆனார்கள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், லால்பேட்டை மன்பவுல் அன்வார் போன்ற பெயர்கள் அந்தப் பிள்ளைகளின் கனவு. மற்றவர்கள் கடைக்கோ, கொழும்புக்கோ, துபாய்க்கோ போனார்கள். கணக்கும் ஆங்கிலமும் தெரியாத ஹாபிழ்களின் தலைமுறை ஒன்று இருக்கிறது. பள்ளிவாசலில் அவர்களுக்கு மரியாதை உண்டு, வங்கியில் படிவம் நிரப்பப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்து நடத்தும் இஸ்லாமியப் பள்ளிகள் வந்துவிட்டன. காலையில் ஹிப்ழு, மதியத்துக்கு மேல் கணக்கு, அறிவியல், தமிழ், ஆங்கிலம். அல்லது இரண்டு வருடம் ஹிப்ழுக்கென்று ஒதுக்கி, பிறகு தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு. ஹாபிழ் பட்டத்தோடு பொறியியல் படித்தவர்களைத் தேடிப் போகவேண்டியதில்லை, தெருவிலேயே இருக்கிறார்கள். இது பெரிய முன்னேற்றம். மறுப்பதற்கில்லை.

இன்னொன்றும் மாறியது. அன்று ஓதிக்கொண்டிருப்பதன் பொருள் என்ன என்று பையனும் கேட்கமாட்டான், ஹஜ்ரத்தும் சொல்லமாட்டார். முதலில் நெஞ்சில் ஏறட்டும், பொருள் பின்னால் வரும் என்பார்கள். பலருக்குப் பின்னால் வரவே இல்லை. இப்போது பல இடங்களில் முதஷாபிஹ் வசனங்களைப் பொருளோடு சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். ‘நுழையுங்கள்’, ‘குடியிருங்கள்’ என்ற வித்தியாசம் புரிந்தவன் இரண்டாம் முறை தடுமாறுவது குறைவு.

லாத்தா ஓதியது

அன்று ஹாபிழ் என்றால் ஆண்பிள்ளை. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்களுக்கென்று தைக்காக்கள் இருந்தன. அங்கே ஓதல் உண்டு, திக்ரு உண்டு. ஆனால் முப்பது ஜுஸ்வையும் முடித்த பெண் என்று விரல் விட்டு எண்ண வேண்டும். எங்கள் லாத்தா (அக்கா) யாசீன், தபாரக், அம்ம ஜுஸ்வு முழுவதும் நெஞ்சில் வைத்திருந்தார். அதற்குமேல் கேட்க யாரும் இல்லாததால் நின்றார். இன்று பெண்கள் மதரசாவில் ஹாபிழாக்கள் உருவாகிறார்கள். ரமலான் இரவில் தெருப் பெண்கள் ஒரு வீட்டில் கூட, பதினெட்டு வயதுப் பெண் முன்னின்று தொழவைக்கிறாள். லாத்தா பின் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார்.

முடித்த பிறகு

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல கணக்கு. இனி நஷ்டக் கணக்கு.

குர்ஆனை நெஞ்சில் வைத்திருப்பவனை, கட்டிவைத்த ஒட்டகத்தின் சொந்தக்காரனுக்கு நபிகளார் ஒப்பிட்டார்கள். கண்காணித்தால் இருக்கும், விட்டால் ஓடிவிடும். மதரசாக்களில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் நபிமொழி இது. அன்று அந்த ஒட்டகத்தைக் காவல் காக்க ஊரே இருந்தது. ஹாபிழ் ஊரில் இருப்பார், ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு வருவார். ரமலானில் தராவீஹ் எனும் இரவுத் தொழுகையைத் தொழவைத்தாக வேண்டும். இருபது ரக்அத், ரக்அத்துக்கு ஒரு பக்கம் என்றால் இரவுக்கு ஒரு ஜுஸ்வு. கொஞ்சம் கூட ஓதினால் இருபத்தேழாம் இரவில் முடித்துவிடலாம். அதற்கு முந்தைய ஷஅபான் மாதமே தயாராகத் தொடங்குவார்கள். மாலை நேரத்தில் இரண்டு ஹாபிழ்கள் கடற்கரையில் நடந்துகொண்டே ஒருவர் ஓத ஒருவர் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். தொழுகையில் பின்னால் ஒரு ஹாபிழ் நிற்பார். முன்னிற்பவர் தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பார். லுக்மா கொடுப்பது என்று பெயர். லுக்மா என்றால் ஒரு கவளம். பசித்தவனுக்கு ஊட்டுவதுபோல் மறந்தவனுக்கு ஊட்டுவது.

இன்று முடிப்பது எளிதாகிவிட்டது, வைத்திருப்பது கடினமாகிவிட்டது. பதின்மூன்று வயதில் தலைப்பாகை கட்டி, சனது எனும் சான்றிதழ் கொடுத்து, பிரியாணி போட்டு விழா எடுக்கிறோம். அடுத்த ஜூனில் பிள்ளை பத்தாம் வகுப்புக்குத் தயாராகிறான். பிறகு நீட், பிறகு விடுதி, பிறகு பெங்களூரில் வேலை. தினமும் ஒரு ஜுஸ்வுக்கு அரைமணி நேரம் எங்கே? ஓதினாலும் கேட்க யார்? சிறு வயதில் முடித்து, இருபத்தைந்து வயதில் ஐந்து ஜுஸ்வுகூட உறுதியாக ஓத முடியாமல், அதை வீட்டில் சொல்லவும் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கும் இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் பெயருக்கு முன்னால் ஹாபிழ் என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சாகிறது. அதைப் பார்க்கும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று கவனித்திருக்கிறேன்.

2020 ரமலானை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு, பள்ளிவாசல் பூட்டு. தராவீஹ் வீட்டுக்குள் வந்துவிட்டது. எத்தனையோ வீடுகளில் பல வருடம் பின்வரிசையில் ஒளிந்து நின்ற மகன் அன்று முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. என் காக்காவின் மகனும் அப்படித்தான். முதல் இரவு இரண்டாவது ரக்அத்திலேயே நின்றுவிட்டான். பின்னால் லுக்மா கொடுக்க ஹாபிழ் இல்லை. மறுநாளிலிருந்து அவன் உம்மா, என் மைனி, அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆனைத் திறந்துவைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தார். அவருக்கு அரபு மொழி தெரியாது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். விரலை வரியில் வைத்துக்கொண்டு போவார். அவன் சொன்னதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் “இரு” என்பார். அந்த மாதம் அவன் பதினொரு ஜுஸ்வை மீட்டான்.

நபிகளாரிடம் ஒவ்வொரு ரமலானிலும் ஜிப்ரீல் வந்து குர்ஆனை ஓதிச் சரிபார்ப்பார், கடைசி வருடம் இரண்டு முறை சரிபார்த்தார் என்பது வரலாறு. அவர்களுக்கே கேட்க ஒருவர் தேவைப்பட்டார் என்றால், நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தேவைப்படாதா?

தாள் மாறட்டும், பிரம்பு ஒழியட்டும், செயலி வளரட்டும், எல்லாம் நல்லதுதான். ஜமாஅத்துகள் ஒரு வேலை மட்டும் செய்யலாம்: இந்த வருடம் எத்தனை பேருக்குத் தலைப்பாகை கட்டினோம் என்று எண்ணுவதோடு, பத்து வருடத்துக்கு முன் கட்டியவர்களில் எத்தனை பேர் இன்று தராவீஹ் தொழவைக்க முடியும் என்றும் எண்ணிப் பார்க்கலாம். வாரம் ஒரு நாள் அவர்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து ஓதக் கேட்கலாம். செலவில்லாத காரியம்.

வீட்டில் ஹாபிழ் இருப்பவர்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். இன்று இஷா தொழுகைக்குப் பிறகு கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் குர்ஆனைத் திறந்து அவன் எதிரே உட்காருங்கள். அரைமணி நேரம், ஒரு ஜுஸ்வு. அவன் தடுமாறும் இடத்தில் திட்டாமல் “இரு” என்று மட்டும் சொல்லுங்கள்.